தனிமரம் தோப்பாகாது



காட்டில் மரமும் வண்டும் பறவையும் ஒன்றையொன்று சார்ந்தே வாழ்கின்றன. மனிதன் கண்ட தொழில்களும் கருவிகளும் அவ்வாறே கூடி வளர்கின்றன. நாம் வாழும் கிள்ளான் பள்ளத்தாக்கே இதற்குச் சான்றாகும்.

1881ஆம் ஆண்டில் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்தன. அத்தாப்புக் கூரை வீடுகளுக்கு மாற்றாகச் செங்கல்லும் ஓடும் தேவைப்பட்டன. அவ்வாறு எழுந்த செங்கற்சூளைகளே பிரிக்பீல்ட்சுக்குப் பெயர் தந்தன. ஈயத்தை ஏற்றிச் செல்ல 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கிற்று. 1901இல், இன்று கிள்ளான் துறைமுகம் என வழங்கும் துறைமுகம் திறக்கப்பட்டது.

ஈயத்திற்கென இட்ட பாதை பின்னர் இரப்பருக்கும் உதவிற்று. பால்மரக் கன்றுகள் 1877இலேயே சிங்கப்பூருக்கு வந்துவிட்டன. ஆயினும் அவற்றைப் பயிரிட முன்வந்தோர் நெடுநாள் சிலரே. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். மரத்தைக் கெடுக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை ரிட்லி சிங்கப்பூரில் வகுத்தார். மோட்டார் வண்டிகளும் பெருகின. இவையெல்லாம் ஒன்றுகூடிய பின்னரே காடுகள் இரப்பர்த் தோட்டங்களாயின. நம் முன்னோர் பெருந்திரளாகக் கப்பலேறி வந்தனர்.

கூடி வளர்பவை கூடியே மாறவும் செய்யும். செம்பனையைப் பாருங்கள். இந்நாட்டில் அது 1917இல் கோலசிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வணிகப் பயிராயிற்று. அதன் பூக்களுக்குத் தொழிலாளர்கள் கையாலே மகரந்தம் தூவி வந்தனர். 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டனர். கைகள் செய்த அவ்வேலையை வண்டே ஏற்றுக்கொண்டது!

பெற்றோர்களே! இரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது, பால் வெட்டுவதில் தேர்ந்த கைகள் பல வேலையின்றி நின்றதை நீங்கள் அறிவீர்கள். அக்கைகளின் திறமை குறையவில்லை. அத்திறமையைத் தாங்கி நின்ற சூழல்தான் மாறிற்று. ஒரு கருவியை மட்டும் அறிந்தவர் அக்கருவியோடு பின்தங்க நேரும். அக்கருவி எவற்றைச் சார்ந்து நிற்கிறது என்பதையும் அறிந்தவர், மாற்றம் வருமுன்னே அதற்கு ஆயத்தமாகலாம். அவ்வறிவைத் தருவது கல்வியே. ஆதலால் எவ்வளவு இடர் வரினும் பிள்ளைகளின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள்.

பயிற்சி: மாணவர்களே, உங்கள் பாட்டனார் கையாண்டு பின்னர்க் கைவிட்ட கருவி ஒன்றைக் கேட்டறியுங்கள். அது ஏன் மறைந்தது? அதனோடு மறைந்தவை எவை? அதன் இடத்தில் வந்தவை எவை? பத்து வரிகளில் எழுதி வாருங்கள்.