ஒரே பீரோ, இரண்டு குணம்

கேள்வி: பெரியவளுக்கு எல்லா உடுப்பும் வரிசையாக இருக்க வேண்டும். சின்னவன் ஒரு டவுசர் எடுத்தால் பீரோவே தரைக்கு வந்துவிடுகிறது. இருப்பது ஒரே பீரோ. என்ன செய்வது?
– வாசகி, திருநெல்வேலி

பீரோவைப் பாகம் பிரித்துவிடுங்கள். மேல்தட்டுகள் அக்காவுக்கு, கீழ்த்தட்டுகள் தம்பிக்கு.

தம்பிக்கு மடிப்பே வேண்டாம். சட்டை, டவுசர், உள்ளாடை என மூடியில்லாத மூன்று கூடைகள் போதும். கூடையில் படம் ஒட்டிவிட்டால், எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் தானே எடுப்பான், தானே போடுவான். 1907இல் ரோமில் மரியா மாண்டிசோரி தொடங்கிய ‘குழந்தைகள் இல்லம்’ என்ற பள்ளியில், தாழ்வான அலமாரியிலிருந்து பிள்ளைகளே பொருளை எடுத்தார்கள், திரும்ப வைத்தார்கள். கை எட்டுவதுதான் முக்கியம்.

அக்காவுக்கு ஜப்பானின் மரி கொண்டோ சொல்லும் மடிப்பு பிடிக்கும். துணியைச் சின்னச் செவ்வகமாக மடித்து, அட்டைப்பெட்டிக்குள் புத்தகம் போல நிற்க வைப்பது. ஒன்றை உருவினால் மற்றது கலையாது. நிறவாரியா, கிழமைவாரியா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

துணியில் பூச்சி வராமலிருக்கப் பாச்சா உருண்டை மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள நாப்தலின், ஜி6பிடி நொதி குறைவான குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. நன்றாகக் காய்ந்த வேப்பிலையை மெல்லிய துணியில் முடிந்து மூலையில் வையுங்கள். மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள்.