தகரக் கூரையிலிருந்து நிலையான அறைக்கு

மொட்டைமாடியில் தகரக் கூரை வேய்ந்த இடமும், கண்ணாடியால் அடைத்த தாழ்வாரமும் நம் நாட்டு நகர இல்லங்களில் பரவலாகக் காணப்படுபவை. கோடையில் தகித்தும் மழையில் ஒழுகியும் வருத்தும் அவ்விடங்களைக் குடும்பம் பெருகும்போது நிலையான அறையாக மாற்ற விழைவது இயல்பே. அதற்கெனக் கடன் பெறுமுன் மூன்று வினாக்களுக்கு நாம் விடை காண வேண்டும். கட்டடம் தாங்குமா? சட்டம் ஏற்குமா? வருவாய் இடம் தருமா?

கட்டடத்தின் வலிமை

மாடியில் 3 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட அறை ஒன்றை எழுப்புவதாகக் கொள்வோம். ஒரு புறம் பழைய சுவர் இருக்க, ஏனைய மூன்று புறமும் 2.75 மீட்டர் உயரத்திற்கு ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் கட்டினால், திறப்புகளைக் கழிக்காத நிலையில் அதன் எடை ஏறத்தாழ 11 டன். 125 மில்லிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் கூரை மேலும் 3 டன் அளவுக்குச் சேரும். ஆட்கள் நடமாடும் திறந்த மாடிக்கு வடிவமைப்பில் கணக்கிடப்படும் பாரமோ சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவினதே. இவ்விடத்திற்கு அது 1,350 கிலோவாகும். ஏற்றப்படும் சுமை அதனினும் பத்து மடங்கு என்பதை நாம் உணர வேண்டும்.

டில்லி மேம்பாட்டு ஆணையத்தின் குடியிருப்புகளில் 'பர்சாத்தி' எனப்படும் மாடிக் கூரையிடத்தை அறையாக்க அளிக்கப்பட்ட இசைவில், சுவர் 115 மில்லிமீட்டர் கனம் மட்டுமே இருக்கலாம் என்று வரையறுத்திருப்பதன் பொருத்தம் இதனால் விளங்கும். சுவரின் கனம் பாதியானால் சுமையும் பாதியாகும். ஏஏசி பிளாக்குகளைப் பயன்படுத்தின், அதே கனமுள்ள செங்கற்சுவரின் எடையில் மூன்றில் ஒரு பங்கே வரும். சுவரிலிருந்து வெளியே நீண்டு நிற்கும் பால்கனி ஒரு முனையில் மட்டுமே தாங்கப்படுவதால், அதன்மீது சுவர் எழுப்புவதில் இன்னும் மிகுந்த எச்சரிக்கை தேவை. தூண், உத்தரம், அடித்தளம் ஆகியவற்றைக் கட்டமைப்புப் பொறியாளர் ஆய்ந்து சான்றளித்த பின்னரே பணியைத் தொடங்குதல் நன்று.

அனுமதியின் இன்றியமையாமை

தகரக் கூரைக்கு எவரும் மறுப்புக் கூறாதிருந்தமை நிலையான அறைக்கு அனுமதியாகாது. திருத்திய வரைபடத்திற்கு உள்ளாட்சி அமைப்பின் ஒப்புதலும், அடுக்குமாடியாயின் குடியிருப்போர் சங்கத்தின் இசைவும் பெற வேண்டும். டில்லி உயர் நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து, வீடு கட்டக் கடன் வழங்குமுன் அனுமதிக்கப்பட்ட வரைபடத்தைப் பெற வேண்டும் என 2006 நவம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. வரைபடத்தை மீறுவதில்லை என்றும், பணி முடிந்த 3 மாதங்களுக்குள் நிறைவுச் சான்று பெறுவதாகவும் கடன் பெறுவோர் உறுதிமொழி அளித்தல் வேண்டும்; தவறின், முழுக் கடனையும் வட்டியுடன் திரும்பக் கோரும் உரிமை வங்கிக்கு உண்டு. அனுமதியற்ற அறை இடிக்கப்பட்டாலும் கடன் நீங்குவதில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

வருவாயும் தவணையும்

5 இலட்சம் ரூபாயை ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டியில் பெறுவதாகக் கொண்டால், 10 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 6,330 ரூபாய். மொத்த வட்டி சுமார் 2.60 இலட்சம். அதையே 5 ஆண்டுகளில் செலுத்தின், தவணை சுமார் 10,380 ரூபாய், வட்டியோ 1.23 இலட்சமே. நடப்பிலுள்ள வீட்டுக் கடன் தவணையையும் கூட்டிப் பார்த்துக் காலத்தைத் தெரிவு செய்க. மாறும் வட்டியில் பெறும் வீட்டுக் கடனை முன்னதாக அடைக்கத் தனிநபர்க்கு அபராதம் இல்லையாதலால், உபரி வருவாய் கிட்டும்போது அசலைக் குறைக்கலாம்.

முதலில் பொறியாளர், அடுத்து அனுமதி, பின்னர் கடன், இறுதியாகக் கொத்தனார் என்ற வரிசையைப் பேணுவோம். பணி முடிந்ததும் நிறைவுச் சான்றை வீட்டுப் பத்திரங்களுடன் சேர்த்து வைத்து, காப்பீட்டு நிறுவனத்திற்கும் தெரிவிப்போம். புதிய அறை நம் இல்லத்தின் முறையான பகுதியாவது அப்போதுதான்.