எட்டு நம்பர் யாருடைய காலுக்கு?

பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தாலோ, கல்யாணம் நிச்சயமானாலோ வாங்க நினைக்கும் பொருள்களில் நல்ல தோல் ஷூவும் ஒன்று. அதற்கு இரண்டு வழி. கைப்பேசியில் ஆர்டர் போடலாம். அல்லது தர்மபுரி, கிருஷ்ணகிரி, பர்கூர், நாட்றம்பள்ளி, வாணியம்பாடி என்று பஸ் பிடித்து ஆம்பூருக்கே போய், நெடுஞ்சாலையோரக் கடைகளில் ஏற்றுமதிச் சரக்கு பார்க்கலாம். எந்த வழியில் போனாலும் முதலில் வருவது, “அண்ணா, எட்டு நம்பர் இருக்கா?” என்ற கேள்விதான். தவறு அங்கேயே தொடங்குகிறது. செருப்பு என்றால் சில நூறு ரூபாயோடு போகும். சொகுசு ஷூ என்றால் ஒரு மாதச் சம்பளம் அலமாரியில் தூங்கும்.

எட்டு என்பது காலின் அளவு அன்று. தோலை எந்த அச்சின் மேல் இழுத்து ஷூவாக்கினார்களோ, அந்த அச்சின் அளவு. தொழிற்சாலையில் அதை ‘லாஸ்ட்’ என்பார்கள். முன்பு மரத்தில் செதுக்கினார்கள், இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். விரலுக்கு முன்னால் எவ்வளவு இடம், புறங்கால் எவ்வளவு உயரம், குதிகால் எவ்வளவு இறுக்கம், முனை கூரா உருண்டையா என்பதையெல்லாம் முடிவு செய்வது இந்த அச்சு. ஒரே கம்பெனியின் இரண்டு எட்டு நம்பர் ஷூக்கள் வெவ்வேறு அச்சில் செய்யப்பட்டவை என்றால் ஒன்று பொருந்தும், மற்றொன்று கடிக்கும்.

அச்சை நம்பிப் பிழைத்த ஒரு கம்பெனி

இந்த அச்சு விவகாரத்தை வியாபாரமாக வளர்த்துக் காட்டியவர் இத்தாலியின் சல்வதோரே ஃபெரகாமோ. 1898-இல் பொனிட்டோ என்ற சிற்றூரில் பிறந்தவர். பதின்வயதிலேயே கப்பலேறி அமெரிக்கா போனார். பாஸ்டனில் இயந்திரம் துப்பித் தள்ளிய ஷூக்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. கலிஃபோர்னியா போய், சினிமாக்காரர்களுக்குக் கையால் ஷூ தைத்துக் கொடுத்தார். 1923-இல் ஹாலிவுட் பூட் ஷாப் அவர் கைக்கு வந்தது. நட்சத்திரங்கள் தேடி வந்த பிறகும் ஒரு கேள்வி அவரை விடவில்லை: அழகான ஷூ ஏன் வலிக்கிறது? தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் படித்தார். நிற்கும்போது உடலின் பாரம் பாதத்தின் வளைவில் இறங்குகிறது என்று கண்டு, அந்த வளைவைத் தாங்க ஷூவின் இடுப்பில் எஃகுத் தகடு வைத்தார்.

1927-இல் இத்தாலி திரும்பி ஃப்ளாரன்ஸில் பட்டறை போட்டார். வாங்குபவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள். அங்கே பொருளாதார வீழ்ச்சி வந்ததும் ஆர்டர் வற்றியது; 1933-இல் கம்பெனி திவாலானது. மறுபடி தலைதூக்கும் நேரத்தில், எத்தியோப்பியா மீது படையெடுத்ததற்காக இத்தாலிக்கு எதிராகப் பொருளாதாரத் தடை வந்தது. வளைவைத் தாங்கும் நல்ல எஃகு கிடைக்கவில்லை. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தைத் தக்கையால் அடைத்துப் பார்த்தார். ‘வெட்ஜ்’ என்று இன்று தர்மபுரிக் கடைகளிலும் பெண்கள் கேட்டு வாங்கும் கட்டைக் குதிகால் அப்படி வந்தது. 1937-இல் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு ஃப்ளாரன்ஸின் பழைய மாளிகை ஒன்றையே விலைக்கு வாங்கினார். 1947-இல் அமெரிக்காவின் நெய்மன் மார்கஸ் விருதை அவருக்குத் தேடித் தந்த செருப்பின் மேல்பகுதி வெறும் நைலான் இழை. ஒகேனக்கல்லில் மீன்பிடிப்பவர் கையில் இருக்கும் தூண்டில் நரம்பின் இனம்தான் அது.

ஆனால் அவருடைய உண்மையான சொத்து அச்சுகள். ஒவ்வொரு பெரிய வாடிக்கையாளருக்கும் தனித்தனி மர அச்சு செதுக்கி, பெயர் எழுதி வைத்துக்கொண்டார். மர்லின் மன்றோ, ஆட்ரி ஹெப்பர்ன் போன்றோரின் அச்சுகள் ஃப்ளாரன்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1960-இல் அவர் இறந்தபோது ஆறு குழந்தைகளோடு மனைவி வாண்டா பொறுப்பேற்றார். மூத்த மகள் ஃபியாம்மா 1978-இல் வடிவமைத்த, ரிப்பன் முடிச்சு வைத்த ‘வாரா’ ஷூ கம்பெனியின் அடையாளமாகவே ஆனது. 2011-இல் மிலான் பங்குச்சந்தையில் பங்குகள் விற்பனைக்கு வந்தன. தனி ஆளுக்குத் தனி அச்சு என்ற காலம் போய்த் தொழிற்சாலை உற்பத்தி வந்தபோதும், நீளத்துக்கு எண், அகலத்துக்கு எழுத்து என்ற வழக்கத்தை இந்தக் கம்பெனி விடவில்லை. வாங்குபவருக்கு இந்த வரலாற்றில் உதவும் இடம் இதுதான்: காலுக்கு இரண்டு அளவு உண்டு, பெரும்பாலோர் ஒன்றை மட்டும் கேட்கிறார்கள்.

வீட்டிலேயே அளப்பது

சாயங்காலம் அளப்பது நல்லது. நாள் முழுக்க நடந்து, வெயிலில் நின்று, பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. தரையில் வெள்ளைத் தாளைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, குதிகாலைச் சுவரில் பதித்து, இரண்டு காலிலும் பாரம் சமமாக இறங்க நிற்க வேண்டும். உட்கார்ந்து அளந்தால் நீளம் குறைவாகக் காட்டும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து விரல் நுனியைக் குறிக்க வேறொருவர் இருந்தால் நல்லது. குனிந்தால் பாரம் முன்னால் சாய்ந்துவிடும். மிக நீண்ட விரல்தான் கணக்கு; பலருக்கு அது கட்டைவிரல் அல்ல, அதற்கு அடுத்தது. இரண்டு காலையும் அளந்து, பெரிய காலின் அளவை மில்லிமீட்டரில் எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சுற்றளவு. தையல்காரரின் டேப்பைக் கட்டைவிரல் மூட்டிலிருந்து சுண்டுவிரல் மூட்டு வரை, பாதம் மிக அகலமாக இருக்கும் இடத்தில், இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும்.

மூன்றாவது அளவை அநேகமாக யாரும் எடுப்பதில்லை. குதிகாலிலிருந்து கட்டைவிரல் மூட்டு வரையுள்ள நீளம் அது. ஷூ மடங்கும் இடமும் பாதம் மடங்கும் இடமும் ஒன்றாக இருந்தால்தான் நடை சுகமாக இருக்கும். அமெரிக்காவில் சார்லஸ் பிரான்னாக் என்பவர் 1920-களில் உருவாக்கிய உலோக அளவுகோலில் இதற்கென்றே தனி நகரும் பகுதி உண்டு. விரல் குட்டையாகவும் குதிகாலிலிருந்து மூட்டு வரை நீளமாகவும் உள்ளவர்கள் அரை நம்பர் கூட்டி எடுப்பதே சரி.

கணக்கு

பாதம் 260 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விரலுக்கு முன்னால் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் இடம் விட்டால் அச்சு 275 ஆகிறது. ஐரோப்பிய எண்ணுக்கு அச்சின் நீளத்தைச் சென்டிமீட்டரில் வைத்து ஒன்றரையால் பெருக்க வேண்டும்: 27.5 × 1.5 = 41.25. அதாவது 41, கொஞ்சம் தாராளமாக வேண்டுமென்றால் 42. இந்தியக் கடைகளில் புழங்குவது பிரிட்டிஷ் எண். அதில் அங்குல நீளத்தை மூன்றால் பெருக்கி 25-ஐக் கழிக்க வேண்டும்: 10.83 × 3 = 32.5, கழித்தால் 7½. இதே கால் அமெரிக்க ஆண்கள் ஷூவில் ஏறத்தாழ 8½.

மூன்று எண்களும் ஒரே காலுக்குத்தான். பிரிட்டிஷ் முறையில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் இடையே அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8.5 மில்லிமீட்டர். ஒரு வாற்கோதுமை மணியின் நீளம் என்று ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட பழைய அளவு. ஐரோப்பிய முறையில் ஒரு படி 6.67 மில்லிமீட்டர். படிகள் ஒத்துப்போகாததால் எந்த மாற்று அட்டவணையும் அங்கங்கே அரை நம்பர் வழுக்கும். சர்வதேசத் தர அமைப்பு பரிந்துரைக்கும் ‘மாண்டோபாயின்ட்’ முறையில் இந்தக் குழப்பமே இல்லை. பாதத்தின் நீளத்தை மில்லிமீட்டரில் அப்படியே எழுதிவிடுவார்கள். ஃபேஷன் ஷூக்காரர்கள் ஏனோ அதைத் தொடுவதில்லை.

அகல எழுத்துகளிலும் கவனம் வேண்டும். அமெரிக்க முறையில் ஆண்களுக்கு ‘டி’ நடுத்தரம், ‘இஇ’ அகலம். பெண்களுக்கு ‘பி’ நடுத்தரம், ‘டி’ அகலம். இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் நகரத்துச் சர்ச்சஸ் கம்பெனிக்கு ‘எஃப்’ என்றால் இயல்பு, ‘ஜி’ என்றால் அகலம். அதே நாட்டின் கிளார்க்ஸ் ஆண்களுக்கான ஷூவில் ‘ஜி’தான் இயல்பு, ‘ஹெச்’ அகலம். எழுத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், அந்தந்தக் கம்பெனியின் அட்டவணையில் சுற்றளவைத் தேடுவது பாதுகாப்பு.

இந்த அகலம்தான் நம் ஊர்க்காரர்களுக்கு முக்கியம். சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாட்டின் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் பதிவுசெய்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்பது தெளிவானது. ஒடுக்கமான அச்சில் வந்த ஷூவுக்குள் காலை நுழைக்க ஒரு நம்பர் பெரிதாக வாங்குவதும், ஆண்கள் லேஸைத் தளர்த்திக் கட்டிச் சமாளிப்பதும் ஏன் என்பதற்கு விடை கிடைத்தது. பெண்களின் பாதம் 11 வயதிலும் ஆண்களின் பாதம் 15, 16 வயதிலும் வளர்ச்சியின் உச்சத்தைத் தொடுகிறது என்பதும் அதில் தெரிந்தது. இவற்றை வைத்து ‘பா’ என்ற இந்திய அளவு முறையை முன்மொழிந்திருக்கிறார்கள்.

ஆம்பூர்க் கடையில்

ஆம்பூரும் வாணியம்பாடியும் நெடுங்காலம் தோலை மட்டுமே அனுப்பிய ஊர்கள். பென்னாகரம் சாலையோரத்தில் மஞ்சளாகப் பூக்கும் அதே ஆவாரஞ்செடியின் பட்டையால் பதனிட்ட தோல் லண்டனுக்குக் கப்பலேறியது. லாபமோ அதை ஷூவாக்கியவர்களுக்கு. தோல் ஏற்றுமதியை ஆராய்ந்த சீதாராமையா குழு 1972-இல் தந்த பரிந்துரையை ஒட்டி, மறு ஆண்டே அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. டேனரிக்காரர்கள் முழுத் தோலுக்கும், அங்கிருந்து ஷூவுக்கும் நகர்ந்தார்கள். பின்னாளில் பத்மஸ்ரீ பெற்ற ரஃபீக் அகமதுவின் ஃபரீதா ஷூஸ் 1976-இல் தொடங்கியது. கிளார்க்ஸ், கோல் ஹான் போன்ற வெளிநாட்டுப் பெயர்களோடு வரும் ஷூக்கள் இந்தப் பகுதியில் தைக்கப்பட்டவையாக இருப்பது இப்போது சாதாரணம்.

தைப்பது ஆம்பூர் என்றாலும் அச்சு வாங்குபவருடையது. ஜெர்மனிக்குப் போக வேண்டிய ஷூ ஜெர்மன் காலுக்குத்தான் செய்யப்பட்டிருக்கும். அதனால் ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ என்று கடைக்காரர் எடுத்துவைத்ததும் முதலில் ஷூ நாக்கின் உட்புறத்தையும் அடிப்பகுதியையும் புரட்டிப் பார்த்து, எண் எந்த நாட்டு முறையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். வெறும் 8 என்று இருந்து அது அமெரிக்க எண்ணாக இருந்தால், நம் கணக்கில் அது ஏழுதான். கம்பெனிகளின் ஒப்பந்தங்கள் முத்திரையோடு வெளியே விற்பதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. பெரிய பெயர் பளிச்சென்று தெரிய, விலை அடிமட்டத்தில் இருந்தால் சந்தேகப்படுவது நியாயம்.

அணிந்து பார்ப்பதற்கு எப்போதும் போடும் சாக்ஸையே கொண்டுபோக வேண்டும். கடைக்காரர் தரும் மெல்லிய துணிச் சாக்ஸ் ஏமாற்றும். இரண்டு காலிலும் போட்டு, லேஸ் கட்டி, கடைக்குள் நடந்து, படி இருந்தால் ஏறி இறங்க வேண்டும். குதிகால் துளி வழுகினால் பரவாயில்லை. ஒவ்வோர் அடிக்கும் கழன்றால் வேண்டாம். சுண்டுவிரல் பக்கம் தோல் வெளியே பிதுங்கினால் அகலம் போதாது. மேலே இரண்டு பட்டைகளும் வி வடிவில் சந்திக்கும் ஆக்ஸ்ஃபோர்டு ஷூவில், லேஸ் கட்டிய பின் இடைவெளி ஒரு விரல் அளவுக்கு மேல் விரிந்தால் புறங்கால் உயரம் ஒத்துவரவில்லை என்று பொருள். அகலமும் உயரமும் உள்ள பாதத்துக்குப் பட்டைகள் தனியே திறக்கும் டெர்பி வகை மேல். லோஃபரில் சரிசெய்ய லேஸே கிடையாது. அதை ஆன்லைனில் வாங்குவது துணிச்சல்தான்.

விலை அதிகமுள்ள ஷூ என்றால் சோல் எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்றும் கேட்க வேண்டும். பசையில் ஒட்டியது முதல் நாள் எப்படியோ, கடைசி நாளும் ஏறக்குறைய அப்படித்தான். குட்இயர் வெல்ட் முறையில் சுற்றிலும் தோல் பட்டை வைத்துத் தைத்ததில் உள்ளே தக்கைப் படுகை இருக்கும். சில வாரத்தில் அது பாதத்துக்கேற்ப அமுங்கி, உள்ளே இடம் சற்றுக் கூடும். ஆகவே முதலில் கொஞ்சம் பிடிப்பாக இருப்பதே நல்லது. சோல் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளவும் முடியும். சென்னையின் பிரிட்லன் போன்ற நம் ஊர்ப் பெயர்களும் இந்த முறையில் தைக்கின்றன. ஓரத்தில் தெரியும் தையல் சில மலிவு ஷூக்களில் வெறும் அலங்காரம். நூல் சோலின் அடிப்பக்கம் வரை வந்திருக்கிறதா என்று பார்ப்பது ஒரு சோதனை, ஆனால் தையலை மூடி ரப்பர் ஒட்டியிருந்தால் அது பலிக்காது.

பில் வாங்கிக்கொண்டு, வீட்டில் இரண்டு மூன்று நாள் பாய் அல்லது துணி விரித்த தரையில் மட்டும் நடந்து பார்ப்பது நல்லது. சோலில் கீறல் விழாதவரை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க முகம் இருக்கும். பக்கவாட்டில் லேசாகப் பிடித்தால், அனுபவமுள்ள செருப்புத் தொழிலாளியிடம் கொடுத்து, அச்சு வைத்துத் தோலை ஓரளவு தளர்த்திக்கொள்ளலாம். விரல் முட்டினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அன்றே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.