மறுகால் காட்டும் வழி

நுழையும்முன்

ஆற்றுக்கு ஊர் எல்லை தெரியாது. தலைமடையில் எடுக்கப்படும் முடிவு கடைமடையில் விளைச்சலாகவோ தரிசாகவோ வெளிப்படும். மழை குறைந்த கரிசல் நிலத்தில் நீரைப் பகிர்ந்து, வருங்காலத்திற்கும் காப்பது எங்ஙனம் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கரிசலின் இயல்பு

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கிடப்பது கரிசல் பூமி. களி மிகுந்த இம்மண் மழையில் உப்பும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஈரத்தை நெடுநாள் தன்னுள் வைத்திருப்பதால் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தி, உளுந்து, கம்பு, சோளம் முதலியன மானாவாரியாக விளைகின்றன. ஆனால், நனைந்து உப்பிய களிமண் நீரை எளிதில் கீழே இறங்க விடுவதில்லை. ஆகவே நிலத்தடியில் ஊறும் நீர் குறைவு. கிணறுகள் பலவற்றில் அந்நீரும் உவர்ப்பு. வழிந்தோடும் மழைநீரைக் கண்மாய்களில் தேக்குவதே இம்மக்கள் கண்ட வழி.

கண்மாய்த் தொடர்

கண்மாய்கள் தனித்து நிற்பவை அல்ல. மேலூர்க் கண்மாய் நிரம்பியதும் மிகுநீர் மறுகால் பாய்ந்து, ஓடை வழியே கீழூர்க் கண்மாயை அடையும். மறுகாலின் உயரத்தை ஒரு சாண் கூட்டினால் மேலூரில் தேங்கும் நீர் பெருகும். கீழூர் கூடுதலாகக் காத்திருக்க நேரும். மழை பொய்த்த ஆண்டில் அக்காத்திருப்பு ஏமாற்றமாகவே முடியும். இடைப்பட்ட ஓடை தூர்ந்தாலும், அதில் சீமைக்கருவேலம் மண்டினாலும் இழப்பு கீழூருக்கே. எனவே, தன் கண்மாயை மட்டும் தூர்வாரும் ஊர் பாதிப் பணியையே செய்கிறது.

இப்பணிகளை ஊரார் கூடிச் செய்த முறையே குடிமராமத்து. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு அரசு அதனைப் புதுப்பித்தது. பாசன மேலாண்மையில் உழவர்களுக்குப் பங்களிக்கும் சட்டம் 2000ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது.

வைப்பாற்று வடிநிலம்

ஊருக்குப் பொருந்துவது ஆற்றுக்கும் பொருந்தும். மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றும் வைப்பாறு தென்காசி, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களைக் கடந்து மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. இருக்கன்குடியில் அர்ச்சுனா நதி அதனுடன் சேர்கிறது. மாவட்ட நிருவாகம் மூன்றாயினும் வடிநிலம் ஒன்றே. மலையடிவாரத்தில் கட்டப்படும் தடுப்பணையின் விளைவு விளாத்திகுளத்து வயலில் தெரியும்.

வெளியிலிருந்து நீர் கொணர்வதும் எளிதன்று. கேரளத்துப் பம்பை, அச்சன்கோவில் ஆறுகளை வைப்பாற்றுடன் இணைக்கும் திட்டம் வகுக்கப்பட்டும், அம்மாநிலம் உடன்படாமையால் நிறைவேறவில்லை. கோவில்பட்டி நகரம் சீவலப்பேரியில் எடுக்கப்படும் தாமிரபரணி நீரைக் குடிக்கிறது. அவ்வாற்றையே நம்பி நெல் வயல்களும் தூத்துக்குடியின் தொழிற்சாலைகளும் உள்ளன. பிறர் நீரைப் பெறுவோர்க்குத் தம் நீரைப் பேணும் கடமை இரட்டிப்பாகிறது.

கூட்டுத் திட்டம்

இந்தியாவின் 2012ஆம் ஆண்டுத் தேசிய நீர்க் கொள்கை, வடிநிலத்தையே திட்டமிடலின் அடிப்படை அலகாகக் கொள்கிறது. ஆஸ்திரேலியாவின் முர்ரே-டார்லிங் வடிநிலத்தில், அதே 2012இல் ஏற்கப்பட்ட திட்டம் எடுக்கக்கூடிய நீருக்கு உச்சவரம்பு விதித்தது. அதனைச் செயற்படுத்துவதில் மாநிலங்களிடையே பிணக்குகள் எழுந்தபோதும், வரம்பு வேண்டும் என்னும் கருத்து நிலைபெற்றது.

கரிசல் நிலத்திற்கும் அத்தகைய திட்டம் தேவை. அதில் நான்கு கூறுகள் இன்றியமையாதன: வரும் நீரையும் செலவாகும் நீரையும் ஆண்டுதோறும் கணக்கிட்டு யாவரும் காண வைத்தல், மறுகால், மடை, ஓடை ஆகியவற்றின் அளவுகளைப் பதிவுசெய்து ஒருதலையாக மாற்றாதிருத்தல், நீருக்கேற்ற பயிரைத் தேர்தல், வறட்சியில் குடிநீருக்கு முதலிடம் தந்து எஞ்சிய பற்றாக்குறையை அனைவரும் பகிர்தல்.

இவற்றுள் இறுதியானதே கடினமானது. கண்மாய் நிறைந்திருக்கும்போது பங்கீடு எளிது. வற்றும்போது பேச்சு பிணக்காகும். ஆதலின், வறட்சிக்கான விதியை மழைக்காலத்திலேயே வகுத்துவிட வேண்டும். அவ்விதியை வகுக்கும் அவையில் கடைமடை உழவருக்கும் இடம் வேண்டும். நீர் அவரிடம் கடைசியாகச் சென்று சேர்வதால், குறை முதலில் அவருக்கே தெரிகிறது.