பாதயாத்திரையும் குதிகால் வலியும்



தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தண்டாயுதபாணி கோயில் வரை 3 கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலுடன் நடக்கிறோம். விரதமிருந்து மனத்தைப் பழக்குகிறோம். காலை யாரும் பழக்குவதில்லை. மூன்று வருட நேர்த்தியாகப் பால்குடம் எடுத்த நானும் அப்படித்தான். முதல் வருடம் முடிந்த மறுநாள் காலை, கிளமெண்டி வீட்டில் கட்டிலைவிட்டு இறங்கியதும் குதிகாலின் பின்புறம் சுளீரென்றது. இன்னும் இரண்டு வருடம் பாக்கி!

"நரம்பு இழுத்துக்கொண்டது" என்றார்கள். அது நரம்பன்று, ஆடுதசையைக் குதிகால் எலும்புடன் பிணைக்கும் தசைநாண். அக்கிலிஸ் என்ற கிரேக்க வீரன் பெயரால் வழங்குவது. (குதிகாலுக்கு அடியில் வலித்தால் அது பெரும்பாலும் வேறு கோளாறு.) குதி உயர்ந்த காலணியிலேயே நடந்து பழகியவர் திடீரென வெறுங்காலில் நெடுந்தூரம் நடந்தால் இத்தசைநாண் கூடுதலாக இழுபடுகிறது.

தைலம் தேய்த்து ஒரு மாதம் ஓய்வெடுத்தேன். வலி அடங்கியது, நடக்கத் தொடங்கியதும் திரும்பிவிட்டது. ஓய்வு மட்டும் தசைநாணுக்கு வலுவூட்டாது.

சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஹாக்கன் ஆல்ஃப்ரெட்சனுக்கும் இதே வலி. அறுவைச் சிகிச்சை மறுக்கப்படவே, தசைநாண் அறுந்தாலாவது செய்வார்கள் என்று காலை வேண்டுமென்றே வருத்தினாராம். அறுவதற்குப் பதில் வலி போயிற்று! 1998-ல் 15 ஓட்டக்காரர்களிடம் அம்முறையைச் சோதித்து வெளியிட்டார்.

முறை எளிது. கைப்பிடியைப் பற்றி, படியின் விளிம்பில் முன்பாதத்தால் நில்லுங்கள். இரு காலாலும் எழும்பி, வலிக்கும் காலால் மட்டும் மெல்ல, குதி படிக்குக் கீழே போகுமாறு இறங்குங்கள். முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் 3 சுற்று, சற்று மடக்கி 3 சுற்று. காலையும் மாலையும், 12 வாரம். ஒரு நாளைக்கு 180! எங்கள் புளோக் படிக்கட்டில் என்னைக் கண்டு சிரித்த பிள்ளைகளும் உண்டு. லேசான வலி இருக்கலாம்; கடுமையானால் குறைத்துக்கொள்ளுங்கள். எலும்போடு ஒட்டுமிடத்திலேயே வலித்தால் படிக்குக் கீழே இறக்காமல் சமதரையில் செய்ய வேண்டும். எது எனப் பிசியோதெரபி நிபுணரிடம் தெரிந்துகொள்வது நலம்.

அடுத்த இரு தைப்பூசங்களிலும் குடத்தைச் சேர்ப்பித்தேன்.

60 வயது கடந்தோர் கவனிக்க: சிப்ரோஃபிளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகளை, அதிலும் ஸ்டீராய்டு மாத்திரையோடு சேர்த்து உட்கொண்டால், தசைநாண் அறுபடும் அபாயம் கூடும். நடக்கையில் பின்னாலிருந்து யாரோ உதைத்தாற்போல் 'டப்' என்று பட்டு, நுனிக்காலில் நிற்க முடியாமற்போனால் அது அறுந்ததன் அறிகுறி. குடத்தைப் பக்கத்திலிருப்பவரிடம் கொடுத்துவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.