கேமிங் பிசி இப்போ வாங்கலாமா, காத்திருக்கலாமா? ஒரு சம்பளக்காரரின் முழுக் கணக்கு

போன வீடியோவுல இந்தக் கேள்வியை ரெண்டு நிமிஷத்துல தாண்டிப் போயிட்டேன். கணக்கை முழுசா இங்கே போட்டுப் பார்த்துடலாம்.

கேள்வி கேட்டவர் திருத்தணிக்காரர், வயசு 26. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, தினமும் லோக்கல் ரயிலில் போய் வர்றார். கைக்கு வரும் சம்பளம் 60,000. வீட்டோடு இருப்பதால் மாதச் செலவு 25,000 சுமார். சேமிப்பு 2.4 லட்சம். வைகாசியில் தங்கை கல்யாணம். அவர் அனுப்பிய லிஸ்ட்: ஆர்டிஎக்ஸ் 5080 கார்டு, ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசசர், 64 ஜிபி டிடிஆர்5 ரேம், விலை உயர்ந்த மதர்போர்டு. மொத்தம் 3 லட்சத்தைத் தொடுது. "அண்ணா, ரேம் விலை ஏறிக்கிட்டே போகுது. இப்பவே வாங்கிடட்டுமா, இல்ல ஒவ்வொரு மாசமும் ஒவ்வொரு பார்ட்டா வாங்கட்டுமா?"

அவர் பயம் சும்மா இல்லீங்க. உலகத்தில் கம்ப்யூட்டர் மெமரி சிப்பில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே கம்பெனிகள். மூன்றும் ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரி பக்கம் திரும்பிவிட்டன, ஏன்னா லாபம் அங்கேதான். 2025 கடைசி மாதங்களில் டிடிஆர்5 ரேம் விலை மடங்குக் கணக்கில் ஏறியது. டிசம்பர் 3 அன்று மைக்ரான், க்ரூஷியல் என்ற பெயரில் நம்ம மாதிரி ஆட்களுக்கு விற்றுவந்த ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே மூடப் போவதாக அறிவித்தது.

ஆனா தட்டுப்பாட்டைப் பார்த்துப் பதறி வாங்கினவங்க கதை நமக்குத் தெரியும். 2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080 வந்தபோது அறிவித்த விலை 699 டாலர். கிரிப்டோ மைனிங்கும் கொரோனா காலத் தட்டுப்பாடும் சேர்ந்து, 2021-ல் அந்த விலைக்குக் கிடைப்பதே அரிதாக இருந்தது. பலர் ரொம்பக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் தன் முறையை மாற்றியதும் கார்டு மைனிங் ஒரே நாளில் படுத்தது. 2023 ஏப்ரலில் 599 டாலருக்கு வந்த 4070, கிட்டத்தட்ட அதே 3080-யின் வேகம், அதுவும் குறைந்த கரண்டில்.

இந்தத் தடவையும் அப்படியே இறங்கும்னு நான் சொல்ல மாட்டேன். மைனிங் ஒரு சாஃப்ட்வேர் மாற்றத்தில் நின்றது. மெமரிக்குப் புது ஃபேக்டரி கட்டி முடியவே வருஷக்கணக்கில் ஆகும். அதோடு ரூபாய் வேற. 5080 வந்தபோது அமெரிக்க விலை 999 டாலர், வரி தனி. அன்றைக்கு டாலர் சுமார் 86 ரூபாய். 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 1,01,379. என்விடியா இங்கே அறிவித்த விலை 1,07,000. பலர் நினைப்பது போல நம்ம ஊரில் கொள்ளை விலை இல்லை. ஆனா டாலர் ஒரு ரூபாய் ஏறினால் அதே கணக்கில் கார்டு விலை 1,179 ஏறும். 2025 டிசம்பரில் டாலர் 90-ஐத் தாண்டியது. ஆக, காத்திருந்தால் விலை இறங்கலாம், ஏறலாம். ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரருக்கே தெரியாத விஷயத்தை நீங்களும் நானும் யூகிச்சு ஜெயிக்க முடியாது.

ஜிஎஸ்டி குறைப்புக்குக் காத்திருந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 மாற்றத்தில் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட மானிட்டர் 28-லிருந்து 18 சதவீதத்துக்கு வந்தது. பிராசசர், ரேம், கார்டு எல்லாம் முன்னாடியே 18தான்; மாறவே இல்லை.

எனவே நம்மால் உறுதியாகச் சொல்ல முடிந்த எண்களுக்கு வருவோம். தம்பியின் 2.4 லட்சத்தில் ஆறு மாதச் செலவு 1.5 லட்சம் அவசரக் காசு. அதைத் தொடக் கூடாது. மீதி 90,000. வைகாசியில் கல்யாணம் வைத்திருக்கிற வீட்டில் அந்த 90,000 யாருடையது? அண்ணன் கையில் இருக்கிற காசு கடைசி வாரத்தில் பந்தலுக்கும் சமையலுக்கும் போகும், எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கும். ஆக இன்றைக்கு அவரிடம் கம்ப்யூட்டருக்கான பணம் பூஜ்யம். ரேம் எந்த விலைக்கு விற்றாலும் ஜூன் வரைக்கும் அவருக்கு அது சம்பந்தமில்லாத விலை.

அடுத்து, இந்த மெஷின் மாதம் எவ்வளவு தின்னும்? 3 லட்சத்துக்கு வாங்கி, நாலு வருஷம் கழித்து 90,000-க்கு விற்றால் (நல்லபடியாகவே வைத்துக்கொள்வோம்) 2,10,000-ஐ 48-ஆல் வகுங்கள்: மாதம் 4,375. பொழுதுபோக்குப் பொருளுக்கு என் சொந்த அளவுகோல், கைக்கு வரும் சம்பளத்தில் 5%. அவருக்கு 3,000. லிஸ்ட் அங்கேயே ஃபெயில்.

"நோ காஸ்ட் இஎம்ஐ போட்டா?" இதைக் கேட்டதும் சில பேர் காதைப் பொத்திக்குவாங்க. நான் அப்படி இல்லை. 1,20,000-க்கு 12 மாதம், 15% வட்டி என்று வைத்தால், அந்தப் பத்தாயிரம் தவணைகளுக்குள் ஒளிந்திருக்கும் வட்டி சுமார் 9,200. அதைக் கடை தள்ளுபடியாகக் கொடுத்துவிடும், ஆனால் வட்டி மேல் 18% ஜிஎஸ்டி, சுமார் 1,660, உங்க கார்டில் ஏறும். பிராசசிங் கட்டணம் சேர்த்தால் 1,900 பக்கம். ரொம்பப் பெரிய தொகை இல்லை. அவசரக் காசு தனியா இருந்து, தவணை உங்க மாதச் சேமிப்புக்குள் அடங்கினால் தாராளமா போடலாம். கல்யாணத்துக்கு நாலு மாசம் முன்னாடி போடாதீங்க, அவ்வளவுதான்.

இப்போ மாசம் ஒரு பார்ட் விஷயம். திருத்தணி மலைக்கு 365 படியையும் ஒவ்வொண்ணா ஏறலாம். கம்ப்யூட்டரை அப்படி வாங்க முடியாது. ஜனவரியில் மதர்போர்டு, மார்ச்சில் பிராசசர், ஜூனில் ரேம் என்று வாங்கினால், மதர்போர்டு வேலை செய்யுதா இல்லையான்னே ஜூனில்தான் தெரியும். பழுதான பொருளை மாற்றித் தரும் 7 நாள், 10 நாள் கெடு ஜனவரியிலேயே முடிஞ்சிருக்கும். வாரண்டி பில் தேதியிலிருந்து ஓடுகிறது; கார்டுக்குப் பெரும்பாலும் மூன்றே வருஷம். அதில் ஆறு மாதத்தை பீரோவுக்குள் கழிப்பதில் என்ன லாபம்? வாங்கிய அன்றைக்கே மாட்டி ஓட்ட முடிந்த பொருளை மட்டும் தனியாக வாங்குங்கள்.

தம்பிக்கு வழி கிடைப்பதும் இங்கேதான். அவரிடம் 2020-ல் வாங்கிய பிசி இருக்கு: ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4, 1660 சூப்பர் கார்டு, 1080பி மானிட்டர். லிஸ்டில் மானிட்டரே இல்லை, கவனிச்சீங்களா? 1080பி திரையில் 5080 என்பது லாரி எஞ்சினை ஸ்கூட்டரில் மாட்டுவது மாதிரி.

என் யோசனை: ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ கார்டும் ஒரு நல்ல 850 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் மட்டும். 5070 டிஐ-க்கு இங்கே அறிவித்த விலை 80,000. 5080-யில் உள்ள அதே 16 ஜிபி மெமரி. என்விடியா கேட்பது 750 வாட். 850 எடுத்தால் நாளைக்கு 5080 ரகம் வந்தாலும் தாங்கும். ரெண்டுக்கும் சேர்த்து ஒரு லட்சம் ஒதுக்கினால், பின்னாடி 30,000-க்கு விற்றாலும் மாதம் 1,460 தான். பழைய போர்டின் ஸ்லாட்டில் கார்டு சில சதவீத வேகத்தை இழக்கும், பழைய பிராசசரும் கொஞ்சம் இழுக்கும். பரவாயில்லை, 1440பி மானிட்டர் போட்டால் பாரம் பெரும்பாலும் கார்டு பக்கம் போயிடும். பயாஸ் அப்டேட் செய்து ரைசன் 7 5700எக்ஸ் மாட்டிக்கொள்ள அந்தப் போர்டிலேயே இடமும் இருக்கு. முக்கியமா, டிடிஆர்5 வாங்கவே வேண்டாம்.

பின்னால் ரேம் விலை அடங்கினால் போர்டு, பிராசசர், 32 ஜிபி ரேம் மூன்றையும் ஒரே வாரத்தில் வாங்கி, இதே கார்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் அதில் மாட்டலாம். கேமுக்கு 64 ஜிபி தேவையே இல்லை. ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையும் அதைத் தாண்டியும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருப்பதால் நடுத்தர விலை போர்டு போதும்.

காலம்? ஜூன் முதல் மாதம் 15,000 தனி ஆர்டியில் போட்டால் டிசம்பரில் 1,05,000. ஜனவரி முதல் மே வரை சேரும் 75,000-த்தில் கல்யாணம் போக ஒரு 30,000 மிஞ்சினால் அக்டோபரிலேயே கை நிறையும். நவம்பர் 8 தீபாவளிக்கு முந்தைய ஆஃபர்களில் வாங்கிடலாம்.

லிஸ்டில் வராத செலவு கரண்ட். 500 வாட், தினம் 4 மணி நேரம், 60 நாள் என்றால் 120 யூனிட். நம்ம மாநிலத்தில் ரெண்டு மாச பில் 500 யூனிட்டைத் தாண்டினால், கீழே உள்ள யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகையிலும் ஒரு பகுதி போய்விடும். வீட்டில் ஏசி இருந்தால் கோடையில் இந்த 120 தான் உங்களைத் தாண்ட வைக்கும். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் நம்மளது. கண்ணாடிப் பெட்டி மாதிரி இருக்கிற கேபினட்டை விட்டுட்டு முன்பக்கம் வலை போட்டதா எடுங்க. சாதாரண 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட் தான் தாங்கும், கேம் ஓடும்போது கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து அணையும்.

சம்பளக்காரர் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் காட்டி வரி குறைக்க முடியாது. இதை மாசம் பத்து பேர் கேட்கிறீங்க. அந்த 40% தொழில் வருமானம் காட்டுறவங்களுக்கு.

கடைசியா பில். "பில் வேண்டாம்னா 18% குறைச்சுக்கிறேன்" என்று யாராவது சொன்னால் வெளியே வந்துடுங்க. சீரியல் நம்பரோடு பில் இல்லாத கார்டுக்கு வாரண்டி கிடைப்பது சந்தேகம், பின்னால் விற்கும்போதும் விலை போகாது. பக்கத்துல இருக்கேன்னு நகரி, திருப்பதி போய் வாங்கினாலும் வரி அதே 18 தான். சென்னையில் வாங்கினால் ஒரு வசதி: ஏதாவது கோளாறுன்னா, தம்பி தினமும் போற லோக்கலிலேயே கார்டைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வரலாம்.