விட்ட புகையை மறுபடி இழுக்கும் இன்ஜின்



திருச்சி–நாமக்கல் ரோட்டில் நம்ம தொட்டியம் வழியாக ராத்திரி பகலாக லாரி போவது எல்லாருக்கும் தெரியும். வாழைத்தார் ஏற்றிய வண்டியும் உண்டு, நாமக்கல்லில் பாடி கட்டி புத்தம் புதுசாகப் போகிற வண்டியும் உண்டு. இவற்றில் பல டீசல் வண்டிகளுக்குள் ஒரு வேடிக்கையான வேலை நடக்கிறது. சைலன்சர் வழியாக வெளியே போக வேண்டிய புகையில் ஒரு பங்கை இன்ஜின் திரும்பவும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. இதற்கு இ.ஜி.ஆர். என்று பெயர். தமிழில் வெளியேற்ற வாயு மறுசுழற்சி என்று சொல்லலாம்.

கழிவை எதற்கு மறுபடி உள்ளே விட வேண்டும்? முதலில் கேட்டபோது எனக்கும் கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. ஆனால் நம்ம வேதியியல் பாடத்திலேயே இதற்கு விடை இருக்கிறது.

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். இரண்டும் சாதாரணமாக ஒன்றோடொன்று சேராது. சேருவதாக இருந்தால் நாம் இருக்கவே முடியாது. ஆனால் இன்ஜின் சிலிண்டருக்குள் தீ பிடிக்கும் இடத்தில் வெப்பநிலை 2,000 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டும். ஏறத்தாழ 1,500 டிகிரிக்கு மேல் போனாலே நைட்ரஜனும் ஆக்சிஜனும் வேகமாகச் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு உண்டாகிறது. இது வெப்பத்தை உள்வாங்கும் வினை. லே சாட்லியர் தத்துவம் படித்தவர்களுக்குத் தெரியும், இப்படிப்பட்ட வினையில் சூடு ஏற ஏற விளைபொருள் கூடும். வெளியே வந்த நைட்ரிக் ஆக்சைடு காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறி நுரையீரலை எரிக்கிறது. வெயிலில் மற்ற ஆவிகளோடு சேர்ந்து தரைமட்டத்தில் ஓசோனையும் உண்டாக்குகிறது. இவற்றை மொத்தமாக ‘நாக்ஸ்’ என்பார்கள். முக்கியமான விஷயம், டெயில் பைப்பில் வருகிற நாக்ஸ் கண்ணுக்குத் தெரியாது. கறுப்புப் புகை வேறு, இது வேறு.

இனி அடுப்புக்கு வருவோம். விறகடுப்பில் தணல் ரொம்ப எரிந்தால் நம்ம பாட்டிமார் என்ன செய்வார்கள்? சாம்பலை அள்ளி மேலே போடுவார்கள். தணல் அணையாது, அடங்கும். எரிந்து முடிந்த பொருளைக் கொண்டே தீயை அடக்குகிறார்கள். இ.ஜி.ஆர். செய்வதும் அதேதான். எரிந்து முடிந்த வாயுவில் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் நிறைய இருக்கும். அவை மறுபடி எரியாது. ஆனால் சூட்டை நன்றாக உறிஞ்சும். அதோடு அவை இடத்தை அடைத்துக்கொள்வதால் புதுக் காற்றும் குறைகிறது.

ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். உள்ளே போவதில் 80 பங்கு புதுக் காற்று, 20 பங்கு பழைய புகை என்று வையுங்கள். புகையில் மிச்ச ஆக்சிஜன் 10 சதவீதம் என்றால், கலவையில் ஆக்சிஜன் 16.8 + 2 = 18.8 சதவீதம். 21-லிருந்து 18.8! பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் உச்ச வெப்பநிலை சில நூறு டிகிரி குறைந்தாலே நாக்ஸ் மளமளவென்று விழுந்துவிடும்.

அப்படின்னா நிறைய நிறைய விட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். ஆக்சிஜன் குறைந்தால் டீசல் முழுசாக எரியாது. கரி கூடும், கறுப்புப் புகை வரும். நாக்ஸைக் குறைத்தால் கரி கூடுகிறது, கரியைக் குறைத்தால் நாக்ஸ் கூடுகிறது. ஆக இதில் மொத்த வித்தையும் புகையை உள்ளே விடுவதில் இல்லை. எப்போது, எவ்வளவு என்பதில்தான் இருக்கிறது.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களில் இது வந்தபோது கட்டுப்பாடு ரொம்ப எளிமை. இன்ஜின் இழுக்கும் வெற்றிடம் ஒரு ரப்பர் சவ்வைத் தூக்கும், வால்வு திறக்கும், அவ்வளவுதான். இன்றைக்கு அந்த வேலையை ஈ.சி.யு. என்ற சின்னக் கணிப்பொறி செய்கிறது. அதற்கு இன்ஜின் சுற்றும் வேகம், ஆக்சிலேட்டர் மிதி, ரேடியேட்டர் தண்ணீரின் சூடு, உள்ளே போகும் காற்றின் அளவு எல்லாம் சென்சார் மூலம் வந்துகொண்டே இருக்கும். இந்த வேகத்தில் இந்தச் சுமை இருந்தால் இவ்வளவு புகை விடு என்று ஒரு அட்டவணை அதன் நினைவில் இருக்கிறது. அதன்படி மின்மோட்டார் வால்வைத் திறக்கும்.

வால்வு சொன்னபடி திறந்ததா, போதுமான புகை வந்ததா என்று எப்படித் தெரியும்? இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. புகையை நேராக அளப்பது கஷ்டம், கரி படிந்து சென்சார் கெட்டுவிடும். அதனால் பல வண்டிகளில் புதுக் காற்றை அளக்கிறார்கள். 2.5 லிட்டர் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை இழுப்பதால் நிமிடத்துக்கு 2,500 லிட்டர் உள்ளே போக வேண்டும் (எளிமைக்காக டர்போ, சூடு எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்). 20 சதவீதம் புகை வேண்டும் என்றால் புதுக் காற்று 2,000 லிட்டர்தான் காட்ட வேண்டும். சென்சார் 2,200 காட்டினால் புகை குறைவு என்று அர்த்தம், வால்வை இன்னும் திற. 1,900 காட்டினால் கொஞ்சம் மூடு. ஒரு நொடிக்குள் பல தடவை இந்தச் சரிபார்ப்பு நடக்கும். தொட்டி நிரம்பினால் பந்து மிதந்து குழாயை அடைக்கிறதே, அதே பின்னூட்டம்தான்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது வால்வு பெரும்பாலும் மூடியிருக்கும். முழுச் சுமையில் ஏற்றம் ஏறும்போதும் அப்படியே, அங்கே பலம் முக்கியம். டிரைவர் முந்துவதற்காக ஆக்சிலேட்டரைத் திடீரென்று அமுக்கினால் வால்வு உடனே மூட வேண்டும், தாமதித்தால் பின்னால் வருகிறவர் முகத்தில் கரி. டர்போ உள்ள வண்டியில் இன்னொரு தலைவலி. உள்ளே போகும் காற்றின் அழுத்தம் புகையின் அழுத்தத்தைவிடக் கூடுதலாக இருந்தால் புகை உள்ளே போகாது, எதிர்ப்பக்கம் தள்ளும். தண்ணீர் மேட்டுக்கு ஏறுமா? அதனால் டர்போவின் இதழ்களைச் சற்று மூடி புகைப் பக்க அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள், அல்லது காற்றுப் பாதையில் ஒரு தடுப்பு வைக்கிறார்கள். உள்ளே விடும் முன் புகையைத் தண்ணீரால் குளிர வைக்க ஒரு கூலரும் உண்டு.

நம்ம பட்டறைகளில் அடிக்கடி நடப்பதையும் எழுத வேண்டும். கரி படிந்து வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் “வண்டி இழுக்கலை, பிக்கப் இல்லை, புகை தள்ளுது” என்று டிரைவர்கள் வருவார்கள். வால்வைக் கழற்றிக் கழுவினால் பெரும்பாலும் சரியாகும். சிலர் அந்த வேலைக்குப் பதில் ஒரு தகரத்தை வெட்டி நடுவில் வைத்துப் பாதையை அடைத்துவிடுகிறார்கள். நான் ஒரு மெக்கானிக்கிடம் “அண்ணே, அடைச்சா புகைச் சான்றிதழ் கிடைக்குமா?” என்று கேட்டேன். “தம்பி, இன்னும் நல்லாவே கிடைக்கும்” என்றார். யோசித்தால் அவர் சொன்னது சரிதான்! டீசல் வண்டிக்கான சோதனையில் ஆக்சிலேட்டரை அமுக்கி புகையின் கருமையைத்தான் பார்க்கிறார்கள். நாக்ஸை அளப்பதில்லை. பாதையை அடைத்தால் கருமை குறையும், நாக்ஸ் ஏறும், தாளில் பாஸ். ரோட்டோரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும் நமக்குத்தான் அந்தக் காற்று.

தகரத்தால் செய்வதை உலகத்தில் பெரிய கம்பெனி ஒன்று மென்பொருளாலேயே செய்தது. ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்களின் கணிப்பொறி, சோதனைக்கூடத்தில் ஓடுகிறோமா ரோட்டிலா என்று கண்டுபிடித்து, சோதனையில் மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு ஒன்று அளக்கும் கருவியைக் காருக்குள்ளேயே ஏற்றி ரோட்டில் ஓட்டிப் பார்த்தது. அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் அரவிந்த் திருவேங்கடம். பெயரைப் பார்த்தாலே நம்ம பக்கத்து வாசம் அடிக்கிறதல்லவா! ஒரு காரில் நாக்ஸ் அனுமதித்த அளவைப்போல 15 முதல் 35 மடங்கு வந்தது. 2014-ல் அந்த அறிக்கை வெளிவந்தது, 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள். இந்தியாவிலும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக அந்தக் கம்பெனி அறிவித்தது.

நம்ம தமிழ்நாட்டுக் கதையும் உண்டு. பெரிய லாரிகளுக்கு, இன்ஜின் செய்யும் ஒரு யூனிட் வேலைக்கு (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்) நாக்ஸ் 2000-ல் 8 கிராம் வரை அனுமதி. பி.எஸ்.3-ல் 5 கிராம், பி.எஸ்.4-ல் 3.5 கிராம். 2017 மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம், ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.3 வண்டி விற்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பி.எஸ்.4 பெரிய லாரிகளுக்கு மற்ற கம்பெனிகள் புகையில் யூரியா கரைசல் தெளிக்கும் முறையை எடுத்தன. சென்னையின் அசோக் லேலண்ட் மட்டும் ‘ஐ-இ.ஜி.ஆர்.’ என்று மறுசுழற்சி முறையையே பெரிய இன்ஜின்களுக்கும் கொண்டுவந்தது. டிரைவர்களுக்கு யூரியா வாங்கி ஊற்றும் வேலை மிச்சம். என் கணக்கில் இது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 வந்தபோது அளவு 0.46 கிராமுக்கு இறங்கியது. அதற்கு இ.ஜி.ஆர். மட்டும் போதவில்லை, அசோக் லேலண்டும் யூரியா கரைசலுக்கு வந்தது. (வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள்! இது 32.5 சதவீத சுத்தக் கரைசல்.)

பி.எஸ்.6 வண்டிகளில் தகர வித்தை எளிதில் பலிக்காது. புகை ஓட்டம் மாறினால் கணிப்பொறி கண்டுபிடித்து டேஷ்போர்டில் விளக்கைப் போடும். பட்டறையில் ஸ்கேனர் மாட்டினால் பி0401 என்று வந்தால் மறுசுழற்சிப் புகை குறைவு, பி0402 என்று வந்தால் அதிகம்.